காரை உள்ளுக்கு விடும்

என் கணவர் கார் ஓடுவார். காரை நிறுத்த மாட்டார். நிறுத்துவது என்று பிரேக் பிடிப்பதைச் சொல்லவில்லை. அதை நன்றாகவே செய்வார், எங்கள் ஊரில் மாடுபோலத் திரிகிற மான் வீதியில் படுத்திருந்தால் இன்னும் நன்றாகச் செய்வார். நான் சொல்வது, காரை ஒழுங்கைக்குள் திருப்பி, பின்பக்கமாகக் கேற்றுக்குள் விட்டு, மதிலில் உரசாமல் தகரக் கூரைக்கடியில் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையை. துறைமுகப் பக்கத்திலிருந்து வருகிற வீதியில் எங்கள் ஒழுங்கை பிரிகிற இடத்தில் காரை விட்டுவிட்டு, எஞ்சினைக்கூட அணைக்காமல் இறங்கி வருவார். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே குசினிப் பக்கம் குரல் கொடுப்பார்.

“காரை உள்ளுக்கு விடும்.”

அந்த ‘விடும்’ என்பதில் மரியாதை இருக்கிறது, அதை நான் மறைக்கக் கூடாது. எங்கள் பக்கத்துப் புருஷன்மார் பெண்சாதியை ‘நீர்’ என்றுதான் சொல்வார்கள். வேலை ஏவும்போதும் மரியாதை குறையாது. நானும் மரியாதையாக எழும்பிப் போய், கை கழுவி, ஒழுங்கை வாயில் உறுமிக்கொண்டு நிற்கிற காருக்குள் ஏறி அதை வீட்டுக்குக் கொண்டுவருவேன்.

இது இவருடைய தனிக் குணம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் ஒழுங்கையில் கார் உள்ள எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். பெண்சாதி ஓடாத வீட்டில் மகள் உள்ளே விடுவாள். மகளும் ஓடாத வீட்டில் கார் மழையிலும் வெயிலிலும் வீதியிலேயே கிடக்கும், மான்கள் அதன் நிழலில் படுக்கும். ஓடுவது ஆம்பிளை வேலை. உள்ளே விடுவது, சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைக்கிற மாதிரி, வீட்டு வேலை.

வேலைநாட்களில் கந்தோர் வான் வந்து அவரைத் துறைமுகத்து வேலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விடும். கார் அப்போது எனக்கு. நான் கலியாணக் கேக் செய்கிறவள். இந்தக் காலத்தில் பாதிப்பேர் மூன்று தட்டுக் கேக் என்று மண்டபத்தில் வைப்பது, ரீவிப் பெட்டிக்குள் வருகிற வெள்ளை றெஜிபோம் கட்டையில் ஐசிங் பூசியதுதான். என்னுடையது அடிமுதல் நுனிவரை கேக். ஆகவே பாரம். ஆகவே அதை ஓட்டோவில் கொண்டுபோக ஏலாது. ஒருமுறை கொண்டுபோய்ப் பார்த்தேன். மடத்தடிச் சந்தியைத் தாண்டுவதற்குள் மேல்தட்டில் சீனியில் செய்து வைத்த மாப்பிள்ளை நடுத்தட்டுக்கு வந்துவிட்டார், பொம்பிளை ஓட்டோக்காரனின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தாள். அன்றைக்கே முடிவெடுத்தேன், கார் இல்லாவிட்டால் கேக் இல்லை என்று. கார் அவர் பேரில் இருக்கிறது. கேக் என் பேரில் இருக்கிறது. இந்தக் கதை முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையில் நடந்ததுதான்.

கார் பழைய யப்பான் கார். அதன் ஸ்டியரிங் ஒரு மாரி முடிந்த கையோடு பாரமாகத் தொடங்கியது. முதலில் ஒரு முனகல். கேற்றுக்குள் விடும்போது ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால், காய்ச்சல்காரர் புரண்டு படுக்கிற மாதிரி பொனற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம். பிறகு ஸ்டியரிங் இறுகியது. இரண்டு கையாலும் பிடித்து, முதுகைக் கதிரையில் ஊன்றி இழுத்தால்தான் திரும்பும். அதோடு விட்டதா என்றால் இல்லை, இழுத்த இழுப்பில் என் வலது மணிக்கட்டு வீங்கியது. ஐசிங்கில் ரோசாப்பூப் போட்டால் கறிக்கு வெட்டுகிற கோவாவாக வந்தது.

அவரிடம் சொன்னேன்.

“இஞ்சருங்கோ, ஸ்டியரிங் சரியான பாரமாக் கிடக்கு.”

அவர் உடனே எழும்பினார். அதில் குறை சொல்ல மாட்டேன், வாகனத்தில் பிழை என்றால் ஆம்பிளைகள் உடனே எழும்புவார்கள். குழாய் ஒழுகுகிறது என்றால்தான் யோசிப்பார்கள். என்னையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு நிலாவெளி வீதியில் விட்டார். ஒரு கை ஸ்டியரிங்கில், மற்றக் கை ஜன்னலில். உப்புவெளி போனது, சாம்பல்தீவுச் சந்தி வந்தது, வாவிக் காற்று முகத்தில் அடித்தது. அந்த வீதியில் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டிய இடமென்று பெரிதாக ஒன்றும் இல்லை. கார் தன்பாட்டில் போகும், ஓடுகிறவர் ஒப்புக்குக் கை வைத்திருந்தால் போதும்.

“பூப்போலக் கிடக்கு,” என்றார். “இதில என்ன பாரம்? உமக்குக் கை பழகேல்லை.”

எனக்குத் திருமணமாகி மூத்தவன் கைக்குழந்தையாக இருந்தபோது நான் ஓடப் பழகினேன். அந்த மூத்தவன் இப்போது கனடாவில் பனி வழிக்கிறான். எனக்கு இன்னும் கை பழகவில்லையாம்.

திரும்பி வந்தோம். ஒழுங்கை வாயில் கார் நின்றது. அவர் இறங்கினார்.

“காரை உள்ளுக்கு விடும்.”

“இப்ப நீங்கள் ஒருக்கா உள்ளுக்கு விட்டுப் பாருங்கோவன். இதிலதான் பாரம் தெரியும்.”

“இப்பதானே ஓடிப் பாத்தனான்,” என்று சொல்லிக்கொண்டே நடந்துவிட்டார். போகிற போக்கில், “ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம்,” என்றும் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். நான் கேற்றடியில் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டினேன். அந்த முனகல் குசினி ஜன்னல்வரை கேட்கும். அவர் அப்போது குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவிக்கொண்டிருப்பார்.

இதைப் புரிந்துகொள்ள எஞ்சினியருக்குப் படிக்கத் தேவையில்லை. ஓடுகிற காரின் சில்லு ஒரு விரலுக்கும் திரும்பும். நிற்கிற காரின் சில்லு, அல்லது ஊர்ந்து போகிற காரின் சில்லு, தாரையும் கல்லையும் கவ்விக்கொண்டு திரும்ப மாட்டேன் என்று நிற்கும். அதைத் திருப்பித் தருவதற்காகத்தான் எஞ்சினோடு பெல்ற் போட்டு ஒயிலை அழுத்தித் தள்ளுகிற பம் ஒன்றைப் பூட்டி, அதற்கு ஒயிலும் விட்டு வைத்திருக்கிறார்கள். பம் செத்தால் வீதியில் ஒருவருக்கும் தெரியாது, கேற்றடியில்தான் தெரியும். கேற்றடியில் எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

இரண்டாவது பரிசோதனை அத்தானுடையது. என் அக்காவின் கணவர். கட்டாரில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே என்ன வேலை செய்தார் என்று இன்றுவரை எங்களுக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் வாகனங்களைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்றும் இல்லை என்று மட்டும் தெரியும். எதை எடுத்தாலும் கட்டார்த் தலைநகரை இழுத்து “டோகாவில...” என்றுதான் தொடங்குவார்.

அவர் சாவியை வாங்கிக்கொண்டு கண்டி வீதியால் தம்பலகாமத்துக்கு விட்டார். பின்னேரம் தயிர்ச் சட்டியோடு திரும்பி வந்தார்.

“யானை நிண்டது,” என்றார். “ஆனா கார் அந்த மாதிரி ஓடுது, பிள்ளை. டோகாவில இப்பிடிக் கார் இருந்தா விடவே மாட்டாங்கள்.”

“திருப்பேக்க பாரமா இல்லையா, அத்தான்?”

“எங்க திருப்பினது? நேர ரோட்டுத்தானே.”

உண்மையான பதில் அவர் வாயிலேயே வந்துவிட்டது. அதை அவரும் கவனிக்கவில்லை, தயிர்ச் சட்டியை வாங்கிக்கொண்டிருந்த என் கணவரும் கவனிக்கவில்லை.

ஆனாலும் வந்தவர் சும்மா போகக் கூடாதே. பொனற்றைத் திறந்தார். ஆம்பிளை ஒருவர் பொனற்றைத் திறந்தால் ஒழுங்கையில் உள்ள மற்ற ஆம்பிளைகளுக்கு எப்படியோ தெரிந்துவிடும், வந்து சுற்றி நின்று இடுப்பில் கை வைத்துப் பார்ப்பார்கள். ஒருவரும் ஒன்றையும் தொடுவதில்லை, சவ வீட்டில் நிற்கிற மாதிரி நிற்பார்கள். அத்தான் ஒரு சின்னப் போத்தலின் மூடியைத் திறந்து, “ஒயில் குறைவு,” என்று தீர்ப்புச் சொன்னார். அது சரிதான். ஸ்டியரிங் ஒயில் போத்தல்தான் அது, மூடியிலேயே ஸ்டியரிங் படம் போட்டிருக்கிறது. குறைந்துதான் இருந்தது. அவர் தன்னுடைய ஸ்கூட்டர் பெட்டிக்குள்ளிருந்து பாதி முடிந்த பிரேக் ஒயில் போத்தலை எடுத்துவந்து அதற்குள் ஊற்றினார்.

“அத்தான், அது பிரேக்குக்கு விடுறதெல்லோ?”

“எல்லாம் ஒயில்தானே, பிள்ளை. வயித்துக்குள்ள போனா சோறும் புட்டும் ஒண்டுதான்.”

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நல்ல உவமை என்று அவர்களுக்குப் பட்டிருக்க வேண்டும்.

ஒரு கிழமைக்குள் தகரக் கூரைக்கடியில் சீமெந்துத் தரை நனையத் தொடங்கியது. முதலில் காசளவு, பிறகு கோப்பையளவு. முனகல் இப்போது ஊளையாக மாறியிருந்தது. கேற்றுக்குள் விடும்போது பக்கத்து வீட்டு நாய் பதில் ஊளையிட்டது. நான் மறுபடியும் சொன்னேன். அவரைக் கூட்டிக்கொண்டுபோய்த் தரையைக் காட்டினேன். என் கணவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு தெளிவு தெரிந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அவருக்குத் தெளிவு வருவது நல்லதுக்கில்லை.

“வித்துப்போடுவம்,” என்றார். “இப்ப பழைய காருக்குத்தான் மதிப்பு. உமக்கும் ஓடக் கஷ்டமாக் கிடக்கு எண்டு சொல்லுறீர்.”

நான் சொன்னதில் காது கொடுத்துக் கேட்டது இந்த ஒரு பகுதியைத்தான். என் கஷ்டத்தைத் தீர்க்கத்தான் காரை விற்கிறாராம்.

“அப்ப கேக்?”

“ஓட்டோவில கொண்டுபோகலாம்தானே. இல்லாட்டி அந்த றெஜிபோம் ஒண்டைச் செய்யும். ஆர் வெட்டிப் பாக்கப்போயினம்?”

அன்றைக்கு நான் சோறு போடவில்லை. பாண் வாங்கிவந்து சாப்பிட்டார். ஆனால் முடிவு மாறவில்லை, அத்தான் தனக்குத் தெரிந்த ஒரு வயல்காரரைத் தம்பலகாமத்திலிருந்து கூட்டிவருவதாகவும் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு.

நான் அடுத்த நாளே, அவர் கந்தோருக்குப் போன பிறகு, காரை எடுத்துக்கொண்டு கிண்ணியாவுக்குப் போனேன். பாலத்தைத் தாண்டியதும் ஒரு கராச் இருக்கிறது. அதை நடத்துகிற முஸ்லிம் அண்ணரை நானா என்றுதான் கூப்பிடுவோம், எங்கள் ஆட்களுக்கு நெடுநாள் பழக்கம். வளவு முழுக்க லொறி, அரைவாசி அவிழ்த்த வான், நெல் வெட்டுகிற மெஷினின் ஒரு துண்டு. என்னைக் கண்டதும் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“ஸேர் வரல்லையா, மிஸ்?”

“இல்லை நானா, நான்தான் வந்தனான். ஸ்டியரிங் பாரம். ஒயிலும் ஒழுகுது.”

“ஓடிப் பாப்பமே,” என்றார். இவரும் நேர் ரோட்டைத்தான் தேடப்போகிறார் என்று நினைத்தேன். நினைத்தது போலவே காரைப் பாலத்தில் கொண்டுபோய் விட்டார். இரண்டு பக்கமும் கடல், நேரான நீட்டுப் பாலம். அவருக்குச் சந்தோஷமோ சந்தோஷம். சீட்டி கூட அடித்தார். திரும்பி வரும்போது, “வண்டில ஒண்டும் இல்ல மிஸ். கொஞ்சம் ஒயில் லீக், அவ்வளவுதான்,” என்று சொல்லிக் கராச் வாசலில் நிறுத்தி இறங்கப் பார்த்தார். உள்ளே விடுவதற்கு ஒரு வேலைக்காரரைக் கூப்பிட வாயையும் திறந்துவிட்டார்.

“நானா,” என்றேன். நான் இறங்கவில்லை. “ஆரையும் கூப்பிடாதேங்கோ. அந்த லொறிக்கும் தண்ணித் தாங்கிக்கும் இடையில நீங்களே விடுங்கோ.”

என் முகத்தைப் பார்த்தார். பிறகு திருப்பினார். கார் ஊளையிட்டது. ஸ்டியரிங் பாதியில் நின்றது. ஒரு கையை இரண்டு கையாக்கினார். சீட்டி நின்றுவிட்டது. லொறிக்கும் தாங்கிக்கும் இடையில் கொண்டுபோய் விட்டு முடிக்கும்போது அவருடைய தொப்பி நெற்றிக்கு வந்திருந்தது.

“இது பம்,” என்றார்.

போத்தலைத் திறந்து மணந்து பார்த்தார். ஒரு விரலால் தொட்டு மற்ற விரலில் தேய்த்தார். “யாரு இதுக்குள்ள பிரேக் ஒயில் ஊத்தின? சீல் ரப்பர் எல்லாத்தையும் அது திண்டிருக்கும். பம்மையே மாத்தோணும் மிஸ்.”

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. அந்த எண்ணம் ஒரு நிமிஷம்தான் நின்றது. ஏனென்றால் அவர் உடனே ஃபோனை எடுத்து, “ஸேருக்கு ஒருக்காச் சொல்லிருவம்,” என்று என் கணவரைக் கூப்பிட்டார். நான் அவருக்கு முன்னால் நிற்கிறேன். கார் என்னோடு வந்தது. என் மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. ஆனால் பம் செத்த சேதியை ஒரு ஆம்பிளை இன்னொரு ஆம்பிளைக்குச் சொன்னால்தான் பம் செத்ததாகக் கணக்கு.

பின்னேரம் என் கணவர் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக என்னிடம் சொன்னார்.

“பம் போயிட்டுதாம்.”

“எனக்குத் தெரியும். நான்தானே கொண்டுபோனனான்.”

“ஓம் ஓம். ஆனா பிரச்சினை பம்தான்,” என்று எனக்கு விளங்கப்படுத்தினார். பம் என்றால் என்ன, அது எங்கே இருக்கும், பெல்ற் எப்படிச் சுத்தும் என்று கையால் காட்டினார். நான் இவ்வளவு நாளும் பம் இல்லை, வேறு ஏதோ என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது போல.

“அப்ப மாத்துவமோ?”

“விக்கிற காருக்கு என்னத்துக்குப் பம்? வாறவர் ஓடிப் பாத்துத்தானே எடுக்கப்போறார்.”

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கள்ளம் இல்லை. ஓடிப் பார்த்தால் ஒரு பிழையும் தெரியாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும், அவரே ஓடிப் பார்த்தவர். எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. என் தொழிலை விற்கப்போகிறார், அதுவும் என் பேச்சை நம்பாத அதே பரிசோதனையை வைத்து இன்னொருவரை ஏமாற்றி விற்கப்போகிறார்.

ஞாயிற்றுக்கிழமை வயல்காரர் வந்தார். வயதான, நிதானமான மனிதர், வெள்ளை வேட்டி. அத்தான் அவரைச் சாம்பிராணி போட்டு வரவேற்காத குறை. மூன்று பேருமாகக் காரில் ஏறி நிலாவெளி வீதிக்குப் போனார்கள். வேறெங்கே போவார்கள்? நான் குசினியில் அடுத்த சனிக்கிழமைக் கலியாணத்துக்குப் பாதாம் மா குழைத்துக்கொண்டிருந்தேன். இதுதான் கடைசிக் கேக்காக இருக்கும் என்று நினைக்க நினைக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. மாக் கையால் துடைக்கவும் ஏலாது.

சத்தம் கேட்டது. கார் ஒழுங்கை வாயில் வந்து நின்றது. மூன்று பேரும் சிரித்துக்கொண்டே நடந்து வந்தார்கள்.

“நல்லா ஓடுது,” என்றார் வயல்காரர். “உள்ளுக்கு விடுங்கோ, இருந்து கதைச்சு முடிப்பம்.”

என் கணவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே குசினிப் பக்கம் திரும்பினார்.

“காரை உள்ளுக்கு விடும்.”

நான் திட்டம் போட்டுச் செய்தேன் என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறாள். சத்தியமாக இல்லை. என் கையைப் பார்த்தேன், இரண்டு கையும் முழங்கைவரை மா.

“கை முழுக்க மா. நீங்கள் விடுங்கோவன்.”

என் கணவர் அத்தானைப் பார்த்தார். அத்தான் ஃபோனைப் பார்த்தார். “டோகாவில,” என்றார் மெதுவாக, “கார் பார்க் பண்ணுறதுக்கெண்டு தனி ஆள் வைச்சிருப்பாங்கள்.” வயல்காரர் வாசலில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விற்கிறவருக்குத் தன் காரைத் தன் கேற்றுக்குள் விடத் தெரியாதா என்ற கேள்வி அவர் முகத்தில் வந்துவிட்டது. அதைக் கண்டதும் என் கணவர் விறுக்கென்று இறங்கிப் போனார்.

நான் மாக் கையோடு ஜன்னலடிக்கு வந்தேன். பாரமான ஸ்டியரிங்கைத் திருப்ப ஒரு வழி இருக்கிறது: காரைக் கொஞ்சம் ஊரவிட்டு, அது அசையும்போது திருப்ப வேண்டும். அவருக்கு அது தெரியாது. காரை அப்படியே நிறுத்தி வைத்துக்கொண்டு இழுத்தார். கார் ஊளையிட்டது, பெல்ற் கிறீச்சிட்டது, பக்கத்து வீட்டு நாயும் சேர்ந்துகொண்டது. கேற்றோரம் படுத்திருந்த மான் எழும்பி அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்ப் படுத்தது. முன்னுக்கு விட்டார், பின்னுக்கு விட்டார். பூசைக்குப் போட்ட சேட் முதுகில் ஒட்டிவிட்டது. கடைசியில் பல்லைக் கடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். ஸ்டியரிங் திரும்பவில்லை, தோள்மூட்டுத் திரும்பியது. பிரேக்கிலிருந்து கால் வழுக்க, கார் போய்க் கேற்றுத் தூணில் முட்டி நின்றது.

தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்று சும்மா சொல்லவில்லை.

வயல்காரர் மெதுவாக நடந்து போனார். குனிந்து, காருக்கு அடியில் சொட்டுகிறதைப் பார்த்தார். நிமிர்ந்து வேட்டியைத் தட்டினார்.

“தம்பி, என்னட்டை டிரக்டர் நிக்குது. அது இதைவிட லேசாத் திரும்பும்.”

அவர் தேத்தண்ணி குடித்தார். நான் கொடுத்த கேக் துண்டையும் ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, மகளின் கலியாணத்துக்குச் சொல்லியனுப்புவதாகச் சொல்லிப் போய்விட்டார். அத்தானுக்கும் அவசர வேலை வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வலியில் முகம் கோணி உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்குத் தைலம் தடவிக்கொண்டே சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

“இதை வைச்சு மனுசர் ஓடேலாது,” என்றார் தைல வாசத்துக்குள்ளிருந்து. “உடனடியாப் பம்மை மாத்தவேணும்.”

பம் மாற்றுவது இவ்வளவு லேசான விஷயம் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதற்கு ஒரு ஆம்பிளையின் தோள்மூட்டு நோக வேண்டும், அவ்வளவுதான். அடுத்த நாள் லீவு போட்டார். கிண்ணியா நானாவுக்குத் தானே ஃபோன் எடுத்தார். கொழும்பிலிருந்து ஒரு நல்ல பம் பஸ்ஸில் வந்து சேர, இருவருமாகக் காரை எடுத்துக்கொண்டு கராச்சுக்குப் போனோம். நானா பெல்ற்றைத் தளர்த்தி, பைப்புகளைக் கழற்றி, பழைய பம்மை வெளியே எடுத்துக் காட்டினார். அதன் வாயில் இருந்த ரப்பர், ஊறிய அப்பளம் மாதிரி ஊதிக் கிடந்தது. பைப்புகளுக்குள் இருந்த பிரேக் ஒயிலையெல்லாம் வடித்துக் கழுவினார். புதிய பம்மைப் பூட்டி, சரியான ஒயிலை விட்டு, கார் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி வைத்தார்.

“காத்து எடுக்கோணும்,” என்றார். “ஸேர், ஏறி இருந்து ஸ்டியரிங்க இந்த அந்தம் மட்டும் திருப்புங்க, மறுகா அந்த அந்தம் மட்டும். எஞ்சினப் போட வேணாம்.”

என் கணவர் நோகிற தோளோடு ஏறியிருந்து திருப்பினார். போத்தலுக்குள் நுரை வந்தது. திருப்பத் திருப்ப நுரை குறைந்தது, நானா கொஞ்சம் கொஞ்சமாக ஒயில் விட்டார். நுரை அடங்குமட்டும் அவர் இறங்க ஏலாது. நான் ஒரு கதிரையில் இருந்து இளநீர் குடித்தேன்.

பிறகு நானா, காரை ஓடுகிறவள் பக்கத்தில் இருக்க, ஓடாதவருக்குப் புத்தி சொன்னார். “ஸேர், முழுசாத் திருப்பி அப்பிடியே புடிச்சு வெச்சிராதீங்க, பம்முக்குக் கூடாது. கிழமைக்கு ஒருக்கா இந்த மூடியத் தொறந்து பாருங்க. பெல்ற் கத்தினா உடன வாங்க.” என் கணவர் ஒவ்வொன்றுக்கும் “ஓம், ஓம்” என்றார். நான் ஒவ்வொன்றையும் மனதில் வைத்துக்கொண்டேன். சனிக்கிழமைதோறும் மூடியைத் திறந்து பார்ப்பது இன்றுவரை நான்தான்.

வரும்போது நான் ஓடினேன். ஒழுங்கை வாயில் நிறுத்தச் சொன்னார்.

“நானே உள்ளுக்கு விடுறன்.”

இறங்கி இடம் மாறினோம். ஒற்றைக் கையால் திருப்பினார். கார் ஒரு சத்தமும் இல்லாமல் வளைந்து, தூணைத் தொடாமல், கேற்றுக்குள் போனது. ஒரு விரலால் திருப்பிப் பார்த்தார். சும்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார், விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி. பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“இவ்வளவு நாளும் அவ்வளவு பாரத்தையே இழுத்துக்கொண்டு இருந்தனீர்? ஏன் ஒருநாளும் சொல்லேல்லை?”

“சொன்னனான்.”

“எப்ப?”

அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. சமாளிக்கவும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவருக்கு உண்மையாகவே தெரியாது. குசினியில் சொன்னதும், கேற்றடியில் சொன்னதும், தரையைக் காட்டிச் சொன்னதும் அவர் காதில் விழவேயில்லை. அவர் பொய் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு நொந்திராது. பொய்யென்றால் ஒரு சண்டை பிடித்துவிட்டு மறந்திருப்பேன்.

கையை நீட்டிச் சாவியை வாங்கி என் கைப்பைக்குள் போட்டு மூடினேன். அன்றிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது. கார் வேண்டுமென்றால் அவர் என்னிடம்தான் கேட்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டார். முதல் மூன்று தடவை எனக்குக் கேட்கவில்லை.